மூட்டையைப் பார்க்காதே, சுளகைப் பார்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் கிட்டங்கிக்குள் காலையில் நுழைந்தால் முதலில் மூக்குதான் விழித்துக்கொள்ளும். கண் பழக ஒரு நிமிஷம் ஆகும். தரையில் சாக்கை விரித்து, சுவரோரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு சுளகு. அதில் இரண்டு கை அள்ளிப் போட்ட காய். வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம் என்று விரல் தள்ளிக்கொண்டே இருக்கும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். என் பெரியம்மா அந்த வரிசையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர்.

பள்ளிக்கூட லீவில் நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். வீட்டில் பத்து நிமிஷம் ஓரிடத்தில் நிற்காதவன், அங்கே மத்தியானச் சாப்பாடு வரை எழுந்திருக்காமல் காய் பொறுக்கியிருக்கிறேன். ஏன் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். ஒருநாள் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் கூரையைத் தொடுகிற மாதிரி மூட்டைகள். கை நின்றுவிட்டது. "இவ்வளவையும் எப்பப் பெரியம்மா முடிக்கிறது?" என்றேன். அவர் நிமிரவே இல்லை. "மூட்டைய எதுக்குடா பாக்குற? சுளகுல கெடக்குறதப் பாரு."

முப்பத்தெட்டு வயதில், மதுரையில் ஒரு மனநல மருத்துவர் என் சீட்டில் ஏ.டி.எச்.டி. என்று எழுதினார். போடிக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் அந்தக் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வேலைக்கு நான் மேஜையைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது சுளகு.

சோம்பேறி என்ற சொல்

தமிழில் ஏ.டி.எச்.டி.யைக் கவனக்குறைவு – மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டதும் பெஞ்ச் மேல் ஏறிக் குதிக்கும் சிறுவன்தான் பலருக்கு நினைவுக்கு வருவான். ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து, ஆசிரியர் பேர் சொல்லிக் கூப்பிடும்போது எந்தப் பாடம் நடக்கிறது என்றே தெரியாமல் எழுந்து நிற்கும் சிறுமிக்கும் இதுவாக இருக்கலாம். அவள் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை, அதனால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை. உலக அளவில் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கும், பெரியவர்களில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கும் இது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. துள்ளல் அடங்கும். உள்ளே ஓடுகிற ஓட்டம் பலருக்கு அடங்குவதில்லை.

செல்போன் வந்த பிறகு வந்த வியாதி என்பவர்களுக்கு ஒரு தகவல். அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கவனம் ஒரு பொருளில் தங்காத நிலையைப் பற்றி 1798-லேயே எழுதியிருக்கிறார். குழந்தைகளிடம் இதுபோன்ற நிலையைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் லண்டனில் சொற்பொழிவு ஆற்றியது 1902-ல். அப்போது போடியில் மின்விளக்கே கிடையாது.

இதை ஆயுள் முழுக்க ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் உதவியது. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததை, செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாததுதான் சிக்கல். அதனால் சோம்பேறி என்ற சொல் பொருந்தாது, புத்திமதியும் பயன்படாது. மற்றவர்கள் தலைக்குள் வைத்திருக்கிற நினைவு, நேரக் கணக்கு, அடுத்த அடி ஆகிய மூன்றையும் இவர் தலைக்கு வெளியே, வேலை நடக்கிற இடத்திலேயே, கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

போடி கிட்டங்கியில் நடப்பது அதுதான். எட்டு மில்லிமீட்டர் காய், ஏழு மில்லிமீட்டர் காய் என்று யாரும் மனசுக்குள் அளந்து பார்ப்பதில்லை. சல்லடை அளந்துவிடுகிறது. எவ்வளவு முடிந்தது என்று யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் குவிந்திருக்கும் காய் சொல்லிவிடுகிறது. அடுத்து என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. சுளகு காலியானால் மறுபடி இரண்டு கை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்திலும் அப்படியே. வியாபாரிகள் ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு லாட் வரும், அதன் மாதிரிக் காய் கைக்கு வரும், விலை ஏறும், முடியும். அடுத்த லாட் அதற்குப் பிறகுதான். டன் கணக்கில் சரக்கு கைமாறும் இடத்தில், கண் முன்னால் இருப்பது எப்போதும் ஒன்றே ஒன்று.

அமைதியான அறை தோற்ற கதை

2020 ஊரடங்கில் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுக் குரங்கணியில் இருக்கும் தாத்தா வீட்டுக்கு வந்தேன். குரங்கணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2018 மார்ச் 11-ம் தேதி மலையில் பிடித்த தீயும், அதில் போன உயிர்களும் நினைவுக்கு வரும். எங்களுக்கும் அந்த நினைவு ஆறவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஓர் ஊரும் இருக்கிறது. போடியிலிருந்து மாந்தோப்பும் இலவ மரமும் தாண்டி, கொட்டகுடி ஆற்றை ஒட்டி வரும் பாதையின் முடிவில், மூன்று பக்கமும் மலை. மேலே காப்பி, மிளகு, ஏலம். இங்கே உட்கார்ந்தால் எழுத்து தானாக வரும் என்று நம்பி வந்தேன்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தேன். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, இழுப்பறைகள். எல்லாக் காகிதத்தையும் உள்ளே வைத்து மூடினேன். கதவைச் சாத்தினேன். சத்தமே இல்லை. மூன்று மாதத்தில் நான் எழுதி முடித்தது மிகக் கொஞ்சம்.

இழுப்பறைக்குள் போன காகிதம் என்னைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது. ஒரு கரண்ட் பில் மூன்று மாதம் உள்ளேயே கிடந்தது. காலியான சுவரில் கண் தங்க இடமில்லாததால் மனசு வெளியே போயிற்று. நிசப்தம் இன்னும் மோசம். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் முழுக் கவனமும் அங்கே ஓடியது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் செயல்பாடு மாறுபட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். கிளர்ச்சி போதாத மூளை அதைத் தேடிப் போகும். 2007-ல் ஸ்வீடனின் கோரான் சோடர்லுண்ட் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. பின்னணியில் ஒரே சீரான இரைச்சல் இருந்தபோது ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகள் நினைவுச் சோதனையில் மேலாகச் செய்தார்கள், மற்றக் குழந்தைகள் பின்தங்கினார்கள். எல்லாருக்கும் இரைச்சல் உதவும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அமைதியாக இருந்தால் படிப்பு வரும் என்று குழந்தையை அறைக்குள் வைத்துப் பூட்டுகிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கீழே இறங்கினேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஆற்றின் சத்தம் ஒரே சுருதியில் கேட்கும். கோடையில் ஆறு வற்றும்போது பழைய மேஜை ஃபேன் அந்த வேலையைச் செய்கிறது.

கொடிக்கயிறும் தகரத் தட்டும்

இப்போது நான் வேலை செய்யும் இடத்தைச் சொல்கிறேன். பார்க்க அழகாக இருக்காது. பெரியம்மா முதலில் பார்த்தபோது, "என்னடா இது, துணி காயப்போட்ட மாதிரி?" என்றார்.

மேஜை சுவரைப் பார்த்து இருக்கிறது. உட்கார்ந்தால் இடப்பக்கம் மலை தெரியும், ஆனால் தெருவும் வாசலும் தெரியாது. மலை கூப்பிடாது. தெருவில் போகிறவர் கூப்பிடுவார். சுவரில் ஒரு கொடிக்கயிறு. அதில் துணி கிளிப் போட்டு, முடிக்க வேண்டிய வேலைகள் தாள்களாகத் தொங்குகின்றன. இழுப்பறைகளைக் கழற்றிவிட்டேன். கரண்ட் பில், பேங்க் சீட்டு, பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிய பக்கம் எல்லாமே கண்ணில் படும். ஆனால் மேஜைமேல் ஒரே ஒரு தகரத் தட்டு. இப்போது செய்யும் வேலை மட்டும் அதில். கயிற்றிலிருந்து ஒரு தாளை எடுத்தால் தட்டுக்கு வர வேண்டும், முடியாவிட்டால் கயிற்றுக்கே திரும்ப வேண்டும். நடுவில் எங்கேயும் வைக்கக்கூடாது. மூட்டை சுவரில், சுளகு மேஜையில்.

வலக்கைப் பக்கம் ஒரு கோடு போடாத நோட்டு. வேலை நடுவில் திடீரென்று, மிளகுக் கொடிக்கு மருந்து அடிக்கச் சொல்லவில்லையே என்று தோன்றும். முன்பெல்லாம் அந்தக் கணமே எழுந்து போவேன். போனால் அரைமணி நேரம் போச்சு. இப்போது அந்த நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்புகிறேன். எழுதிவிட்டால் மறந்துவிடுவோமோ என்ற பயம் அடங்குகிறது. எழுந்து போக வைத்தது அந்தப் பயம்தான் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

செல்போன் அடுப்படியில், அரிசி டின்னுக்கு மேல். 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு குழு, போன் மேஜைமேல் சும்மா கவிழ்ந்து கிடந்தாலே யோசிக்கும் திறன் குறைவதாகச் சொன்னது. பின்னால் வந்த சில ஆய்வுகள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. என் அனுபவத்துக்கு ஆய்வு வேண்டாம். எழுந்து பன்னிரண்டு அடி நடக்க வேண்டும் என்றாலே பாதித் தடவை கை ஓய்ந்துவிடுகிறது. அந்தப் பன்னிரண்டு அடி எனக்கு இருக்கும் எல்லா மன உறுதியையும்விட நம்பகமானது.

உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் விட்டேன். தாழ்வாரத் திண்ணைமேல் ஒரு பலகை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். 2015-ல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மார்க் ராப்போர்ட் குழு, 8 முதல் 12 வயதுச் சிறுவர்களைப் படம்பிடித்துக் கவனித்தது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் காலாட்டி, நெளிந்து, நாற்காலியைச் சுழற்றிய நேரத்தில்தான் நினைவுப் பயிற்சியை நன்றாகச் செய்தார்கள். மற்றச் சிறுவர்களுக்கு நேர்மாறு. காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று தொடையில் அடி வாங்கிய எத்தனையோ பேருக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆட்டம் உங்கள் மூளை தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளச் செய்த முயற்சியாக இருந்திருக்கலாம்.

சென்ட்ரல் வரைக்கும் போதும்

குரங்கணிக்கு மேலே மலையில் ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன் வரும். அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். தண்டவாளமே இல்லாத மலையில் ஸ்டேஷன் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து போடி. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன.

ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு வேலையில் மிகக் கடினம் தொடங்குவது. 'கவர் ஸ்டோரி எழுது' என்று கயிற்றில் தாள் தொங்கினால் நான் நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். அது டாப் ஸ்டேஷன். அடிவாரத்தில் நிற்பவன் அதைப் பார்த்தால் கால் எழும்பாது. அதனால் தாளில் எழுதுவது சென்ட்ரல் வரைக்கும்தான்: 'கிட்டங்கி பத்தி, ஒரு பக்கம்.' சில நாள் அதுவும் மலைப்பாக இருக்கும். அன்று, 'பேனா மூடியைத் திற, தேதி போடு.' சிரிப்பு வரலாம். தேதி போட்ட பிறகு அடுத்த வரி எழுதாமல் எழுந்த நாள் குறைவு.

நேரக் கணக்கு இதைவிடச் சங்கடமானது. மணி எத்தனை என்று கடிகாரம் சொல்லும். எவ்வளவு போயிற்று, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்ற உணர்வுதான் எங்களுக்கு மங்கல். எண் காட்டும் கடிகாரத்தைவிட முள் கடிகாரம் நல்லது. முள் நகர்ந்த தூரம் கண்ணுக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்குப் பெரிய துணை பஸ். போடியிலிருந்து வரும் பஸ் மேட்டில் கியர் மாற்றும் சத்தம் தாழ்வாரம் வரை கேட்கும். மத்தியான பஸ் வருவதற்குள் ஒரு தாள், சாயங்கால பஸ் திரும்புவதற்குள் ஒரு தாள். நகரத்தில் இருப்பவர்களுக்கு மசூதி பாங்கு, பள்ளி மணி, பால்காரர் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். தனக்குத் தானே வைத்த கெடுவை நான் ஒருநாளும் மதித்ததில்லை. பஸ் எனக்காகக் காத்திருக்காது.

பக்கத்தில் ஓர் ஆள்

கிட்டங்கியில் நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் சுளகு மட்டும் இல்லை. சுற்றிலும் இருபது பேர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கண்காணிக்கவில்லை. கூட இருந்தார்கள், அவ்வளவுதான். இன்று ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் உலகம் முழுக்க இந்த முறையைக் கையாள்கிறார்கள். முகம் தெரியாத இருவர் வீடியோவில் இணைந்து, பேசாமல் அவரவர் வேலையைப் பார்ப்பதும் உண்டு. சேர்ந்து நாற்று நட்ட ஊரில், சேர்ந்து அப்பளம் இட்ட வீட்டில் இதற்குப் புதுப்பெயர் தேவையில்லை.

பெரியம்மாவுக்கு இப்போது முட்டி வலி, கிட்டங்கிக்குப் போவதில்லை. புதன், வெள்ளி இங்கே வந்துவிடுவார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து புளி தட்டுவார், கீரை ஆய்வார். "நான் பேச மாட்டேன், நீ உன் சோலியப் பாரு" என்பார். பேசத்தான் செய்வார். ஆனாலும் அந்த இரண்டு நாளில்தான் அதிகம் எழுதுகிறேன். குழந்தையை 'போய்ப் படி' என்று அனுப்பிவிட்டு சீரியல் பார்ப்பதைவிட, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வரவுசெலவு எழுதுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

ஒரே அறை உள்ள வீட்டில், எஸ்டேட் லைன் வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். மலையில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அப்படிப்பட்ட வீடுகளில்தான். தனி அறை அவசியமே இல்லை. டி.வி.க்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து ஒரு பலகை. பலகைமேல் ஒரு புத்தகம், மற்றவை பைக்குள். மேலே ஒரு ஆணி, அதில் நாளைக்குக் கொண்டுபோக வேண்டியது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீர்க் குடம் தூக்கவோ, ஆட்டுக்குத் தழை போடவோ எழுந்து போகட்டும். பசுமைக்குள் நடப்பதற்கும் பலன் உண்டு: 2009-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லர், ஃபிரான்சஸ் குவோ இருவரும் 17 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தபோது, பூங்காவில் 20 நிமிஷம் நடந்த பிறகு அவர்களின் கவனம் கடைத்தெருவில் நடந்த பிறகு இருந்ததைவிட மேலாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பூங்கா வாசலிலேயே ஆரம்பிக்கிறது, அதற்குக் காசும் இல்லை.

மேஜையால் முடியாதது

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த ஏற்பாடுகள் எதுவும் நிரந்தரமாக வேலை செய்யவில்லை. நாலைந்து மாதத்தில் கொடிக்கயிறு கண்ணுக்குப் பழகிச் சுவரோடு சுவராகிவிடுகிறது. அப்போது கயிற்றை வேறு சுவருக்கு மாற்றுகிறேன், தட்டுக்கு வேறு நிறம் அடிக்கிறேன். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: மேஜையை அடுக்குவதே எழுதாமல் தப்பிக்கும் வழியாகிவிடும். ஒரு தீபாவளி மலருக்கான கட்டுரை தாமதமானதற்கு நான் செய்த அலமாரிதான் காரணம். இப்போது மாற்றம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், சமையல் முடிவதற்குள்.

மேஜை மருத்துவர் ஆகாது. எனக்கு மாத்திரையும் சேர்ந்துதான் உதவியது. மெத்தில்ஃபெனிடேட், அட்டாமாக்ஸிடின் போன்ற மருந்துகளை மருத்துவர் ஆராய்ந்து, அளவு பார்த்துத்தான் தர வேண்டும். கடையில் கேட்டு வாங்குவதோ, இன்னொருவர் சீட்டைப் பார்த்து விழுங்குவதோ ஆபத்து. தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இதுபோலத் தோன்றக்கூடும் என்பதால், ரீல்ஸ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் பேச்சுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இலவச அரசு சேவை, தமிழிலேயே பேசுவார்கள்.

அலுவலகங்களிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் தனியாக இல்லை. ஆனால் நாங்கள் கேட்பதற்குப் பெரும்பாலும் சட்டமே தேவையில்லை. வாசலுக்கு எதிரே இல்லாத ஓர் இருக்கை. வாயால் சொன்ன வேலையை ஒரு வரி எழுத்தில் தருவது. ஒரு மாதக் கெடுவை நான்கு வாரக் கெடுவாகப் பிரிப்பது. காதில் ஹெட்போன் மாட்டினால் திமிர் என்று நினைக்காமல் இருப்பது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் என் இடம் தண்ணீர் கேன் பக்கத்தில். நாள் முழுக்க ஒவ்வொருவரும் வந்து தண்ணீர் பிடித்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இடம் மாற்றக் கேட்டேன். முதலில் வேலையை நேரத்துக்கு முடித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். கால் ஊனமானவரிடம் முதலில் படி ஏறிக் காட்டு, பிறகு சாய்தளம் கட்டலாம் என்று சொல்வோமா? ஆறு மாதத்தில் வேலையை விட்டேன். அதற்கு முன்னால் எத்தனை வேலையை விட்டேன் என்று எண்ணிப் பார்த்தால், பாதி இடத்தில் சிக்கல் நாற்காலி இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. அந்த வருஷங்களில் நான் என்னைத் திட்டிக்கொண்டதைத் திரும்ப வாங்க முடியாது.

இன்று வெள்ளிக்கிழமை. பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். காம்பு ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், மடியில் அதே பழைய சுளகு. கயிற்றில் காலையில் ஏழு தாள் இருந்தது, இந்தக் கட்டுரைக்காக. ஆறு முடிந்து ஆணியில் குத்தியாகிவிட்டது. ஏழாவது தட்டில் கிடக்கிறது. மேட்டில் பஸ் கியர் மாற்றுகிறது. "வந்துருச்சுடா," என்கிறார், நிமிராமல்.